எட்டு டன்

தொட்டமாரனள்ளிக்கும் சீங்கேரிக்கும் நடுவில்
ஓடைமேல் ஐந்து வளைவுள்ள கல் பாலம்.
கட்டிய வருடம் செதுக்கிய கல்லில்
கடைசி இரண்டு எண்களை
வண்டி அச்சுகள் உரசித் தின்றுவிட்டன.

ஆனி மாதம் அலுவலக ஜீப்பில் வந்து
'எட்டு டன்னுக்கு மேல் செல்லத் தடை' என்று
மஞ்சள் பலகை நட்டுப் போனவள் நான்.
நடு வளைவின் அடிவயிற்றில் ஒரு விரிசல்.
குறுக்கே கண்ணாடிச் சில்லொன்றை ஒட்டித்
தேதி எழுதினேன்.
விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்,
அவ்வளவுதான் வித்தை.

இன்று ஐப்பசியின் கடைசி ஞாயிறு.
அஞ்செட்டியில் டீ ஆற்றியவர்
"பாலத்துப் பண்டிகைக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பயந்துபோய் வந்திருக்கிறேன் என்று
டீக்கடையில் எப்படிச் சொல்வது?

பலகைக்குச் சாமந்தி மாலை போட்டிருக்கிறார்கள்.
எட்டு என்ற எண்ணின் இரண்டு சுழியிலும்
ஒவ்வொரு குங்குமப் பொட்டு.

பாலத்துக்குக் கூரை போட்டாயிற்று.
வீட்டுக்கு ஒரு துண்டு என்று வரி:
தகரம், தார்ப்பாய், யூரியா சாக்கு,
பழைய சேலை,
யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தும் ஃபிளெக்ஸ்
தலைகீழாக,
கும்பிட்ட கைகள் வானத்தைப் பார்த்து.
"வருசம் பூரா நனையுது.
ஒரு நாளாச்சும் நனையாம இருக்கட்டுமே"
என்றாள் கெம்பம்மா,
மூங்கிலைக் கைப்பிடிச் சுவரோடு இறுக்கிக் கட்டியபடி.
சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்தது.

கூரைக்கடியில் இரண்டு ஊரும்.
பம்பை, ராகி உருண்டை, அவரைக்குழம்பு,
பலூன்காரன், மூன்று ஆடு.
நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருநூறு பேர். ஆளுக்கு அறுபது கிலோ.
பன்னிரண்டு டன்.
பரவி நிற்கும் பாரம் வேறு,
சக்கரத்தில் குவியும் பாரம் வேறு
என்று படித்திருக்கிறேன்.
வயிறு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

சரிவில் வழுக்கி, புடவையைத் தூக்கிச் செருகி,
முழங்கால் தண்ணீரில் வளைவுக்குள் போனேன்.
மேலே பம்பை அடிக்க
சுண்ணாம்புத் தூள் ஒரு சிட்டிகை
தோளில் உதிர்ந்தது.
போன் வெளிச்சத்தில் தேடினால்
கண்ணாடியைக் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பூச்சு.
யார் இறங்கி வந்தார்கள்,
எதற்கு இதையும் சாமி என்று நினைத்தார்கள்?
ஓடைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத்
துடைத்தேன்.
முதலில் என் எழுத்தில் தேதி.
பிறகு கண்ணாடி.
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
முழுசாக இருந்தது.
இன்றைக்கு.

மேலே ஹாரன்.
ஏறி வந்தபோது மினி பஸ் பலகையருகே நின்றிருந்தது.
கண்டக்டர் ருத்ரப்பா விசில் ஊத,
உட்கார்ந்தவர் நின்றவர் எல்லோரும் இறங்கினார்கள்,
மடியிலிருந்த குழந்தையும்
மடிமேலிருந்த கோழியும்.
பலகை வைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்,
ஆட்கள் நடக்க வேண்டும்,
பஸ் காலியாய்ப் போக வேண்டும்.
நான் போட்ட விதி.
ஊர் அதற்குத் தேங்காய் உடைத்துவிட்டது.

டிரைவர் மாதையன் வெறுங்காலோடு
கிளட்சை மெல்ல விட்டார்.
நடக்கிற வேகம்கூட இல்லை.
முன்னால் ஒரு பையன் கவட்டைக் கம்பால்
தொங்கும் தார்ப்பாயை உயர்த்த,
தேங்கியிருந்த மழை மொத்தமும்
பிறந்தநாள்காரர் வழியாகப் பஸ் தலையில் கொட்டியது.
கூட்டம் ஓவென்று கத்தியது.
காலி சீட்டுகள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஓடையைப் பார்த்துக்கொண்டு போயின.

பின்னால் நடக்க நானும் கால் வைத்தேன்.
"மேடம்" என்று கெம்பம்மா கையைப் பிடித்தாள்.
அப்போதுதான் பார்த்தேன்,
என் பலகையின் கீழே
இரண்டு ஊர்ச் செருப்பும் குவிந்து கிடந்தது.
"சாமிக்கா?" என்றேன்.
"அதெல்லாம் இல்ல. பாரம் குறையுமில்ல."

நனைந்து இறுகிப்போன ஷூ நாடாவை
அவிழ்க்க வெகுநேரம் ஆனது.